நெசவே ஓவியமாகும்போது: ஓல்கா டி அமராலை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

துணியில் ஓவியம் என்றதும் பெரும்பாலோருக்கு இரண்டு முறைகள் நினைவுக்கு வரும். நெய்து முடித்த துணியை விரித்து, அதன்மேல் தூரிகையாலோ அச்சாலோ படம் போடுவது ஒன்று. ஓர் ஓவியர் தாளில் வரைந்து கொடுத்த படத்தை நெசவாளர்கள் தறியில் நூலுக்கு நூல் நகலெடுப்பது இன்னொன்று. முதல் முறையில் துணி வெறும் தளம். இரண்டாவதில் நெசவு என்பது வேறொருவர் யோசித்ததைச் செய்து கொடுக்கிற வேலை.

மூன்றாவதாக ஒரு முறையும் இருக்கிறது. அதில் நெய்வதும் வண்ணம் தீட்டுவதும் ஒரே யோசனையிலிருந்து பிறக்கின்றன. துணி எங்கே முடிந்தது, ஓவியம் எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்ட முடியாது. இதைப் புரிந்துகொள்ள, கொலம்பியக் கலைஞர் ஓல்கா டி அமராலின் வாழ்க்கையையும் வேலையையும் பின்தொடர்வதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். அவர் ஓவியரா, நெசவாளரா, சிற்பியா என்று அருங்காட்சியகங்களே நெடுங்காலம் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்திலேயே விஷயம் பாதி விளங்கிவிடும்.

முதலில் ஒரு சாதாரண எண்ணெய் வண்ண ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். கித்தான் என்பதும் தறியில் நெய்த துணிதான். பெரும்பாலும் லினன் அல்லது பருத்தி. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சைப் பூசுவார்கள். சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சு அது. காய்ந்ததும் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். அப்புறம்தான் வண்ணம். பழைய தேவாலயப் படங்கள் என்றால் அதன்மேல் தங்க ரேக்கும், அதாவது தாளைவிட மெல்லிய தங்கத் தகடும், ஒட்டுவார்கள். இவ்வளவு பாடும் எதற்கு? நூலின் தடம் கண்ணில் படக் கூடாது என்பதற்கு. படம் தெரிய வேண்டுமானால் துணி மறைய வேண்டும்.

ஓல்கா பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே பொருட்கள்தாம். லினன், பருத்தி, ஜெஸ்ஸோ, அக்ரிலிக் வண்ணம், தங்க ரேக்கு. ஆனால் அவர் துணியை மறைப்பதில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தூரிகைத் தீற்றலாக நினைக்கிறார். நூலின் தடிமன், முறுக்கு, நிழல், அது தொங்கும் எடை எல்லாமே அவருக்கு வண்ணத்தின் பகுதிகள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவர் செய்த எதையும் பார்த்து மிரள வேண்டியதில்லை.

அவர் 1932இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் பிறந்தார். ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு 2600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. மழை, மூடுபனி, மேகம் கிழிந்து திடீரென்று விழும் கூர்மையான வெயில், எல்லாம் ஒரே நாளில் வந்துபோகும். பெற்றோர் கொலம்பியாவிலேயே இருக்கும் அந்தியோக்கியா என்ற மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். இளம் வயதில் அவர் படித்தது நெசவு அல்ல, கட்டட வரைபடம். 1951, 52இல் பொகோட்டாவில் அந்தப் படிப்பை முடித்தார். சுவர், தூண், உயரம், எடை என்று யோசிக்கிற பழக்கம் அங்கே வந்தது. பின்னாளில் அவர் செய்தவற்றில் பல சுவர்களைப் போலவே நிற்பதற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம்.

1954இல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் ஆங்கிலம் படித்துவிட்டு, மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் கிரான்புரூக் கலை அகாதமியில் சேர்ந்தார். அங்கே நெசவுத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பின்லாந்தில் பிறந்த மரியான் ஸ்ட்ரெங்கல். கட்டடங்களுக்கான திரைச்சீலை, தரைவிரிப்பு, கார் இருக்கைத் துணி என்று தொழிற்சாலைகளுக்கும் வடிவமைத்துக் கொடுத்தவர். நெசவைப் பொழுதுபோக்காகப் பார்க்காமல் ஒரு பொருளின் இயல்பை ஆராயும் படிப்பாக நடத்தினார். பட்டறையில் ஜன்னலோரமாக எட்டுத் தறிகள் இருந்தன என்றும், மூலையில் இருந்த ஒன்று ஓராண்டுக்குத் தன் வீடாக இருந்தது என்றும், நிறத்தைப் பற்றிய நம்பிக்கை அங்கேதான் பிறந்தது என்றும் ஓல்கா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

நெசவில் நிறம் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓவியர் நீலத்தையும் மஞ்சளையும் தட்டில் குழைத்தால் பச்சை கிடைக்கும். பழைய இரண்டும் காணாமல் போய்விடும். தறியில் நீலப் பாவும் மஞ்சள் ஊடையும் போட்டால் இரண்டும் அப்படியே இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் இரண்டும் கலந்த ஒரு மங்கிய நிறம் தெரியும், கிட்டே போனால் அது மறுபடி நீலமும் மஞ்சளுமாகப் பிரியும். பார்க்கிற தூரம் மாற மாற நிறமும் மாறும். நூல் கரடுமுரடாக இருந்தால் அதன் மேட்டில் ஒரு சாயலும் பள்ளத்தில் இன்னொரு சாயலும் இருக்கும். ஆக, நெசவாளரின் கையில் நிறம் என்பது வெளிச்சமும் தூரமும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கும் ஒன்று. ஓல்காவைப் பிடித்து வைத்தது இதுதான்.

கிரான்புரூக்கில்தான் ஜிம் அமராலையும் சந்தித்தார். கலிபோர்னியாவில் பிறந்த அவரும் கலைஞர். பின்னாளில் வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்பெற்றவர். ஓல்கா 1955இல் பொகோட்டா திரும்பினார். இருவருக்கும் 1957இல் திருமணம் நடந்தது. ஜிம்மும் கொலம்பியாவிலேயே தங்கிவிட்டார். இருவருமாக ஒரு நெசவுப் பட்டறையைத் தொடங்கி, கட்டடக் கலைஞர்களுக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் துணி நெய்து கொடுத்தார்கள். அதாவது, ஆரம்பத்தில் அவர் நெய்ததெல்லாம் புழக்கத்துக்கான துணிதான். தினமும் தறியில் உட்கார்ந்து பழகிய அந்த ஆண்டுகளை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. நூலை இவ்வளவு துணிச்சலாக மீறுவதற்கு, முதலில் அது அவர் சொன்னபடி கேட்க வேண்டியிருந்தது. 1965இல் பொகோட்டாவின் ஆண்டிஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுத் துறையைத் தொடங்கி, அங்கே பாடமும் நடத்தினார்.

அதே காலத்தில் அவருடைய வேலையைக் கவனித்தவர் அமெரிக்க நெசவு வடிவமைப்பாளர் ஜாக் லெனர் லார்சன். அவரும் கிரான்புரூக் மாணவர். உலகெங்கும் அலைந்து நெசவு வகைகளைத் தேடியவர். அவருடைய ஊக்கத்தில் ஓல்கா புழக்கத் துணியை விட்டுப் பெரிய சுவர்த் தொங்கல்களுக்கு நகர்ந்தார்.

1960களில் அவர் கண்டுபிடித்த உத்தி கேட்க எளிமையானது. தறியில் அகலமான துணியை நெய்வதற்குப் பதில் குறுகிய பட்டைகளாக நெய்தார். அப்புறம் அந்தப் பட்டைகளையே பாவாகவும் ஊடையாகவும் வைத்து, ஓலைப் பாய் முடைவதுபோல ஒன்றுக்குள் ஒன்று முடைந்தார். நெய்ததை வைத்து மறுபடி நெய்வது. இப்படிச் செய்ததும் துணிக்கு ஒரு கனம் வந்துவிட்டது. பட்டைகள் முறுக்கிக்கொண்டன, மேலெழும்பின, இடையில் ஓட்டைகள் விட்டன, நிழல் விழுந்தது. தட்டையான பரப்பு என்ற எண்ணமே உடைந்துபோனது. கம்பளி, பருத்தியோடு குதிரை முடியையும் சேர்த்தார். குதிரை முடி விறைப்பானது, வளைந்து கொடுக்காது. கம்பளியின் மென்மைக்குப் பக்கத்தில் அது வரும்போது ஒரே சிவப்பு இரண்டு வேறு சிவப்புகளாகத் தெரியும். 1969இல் பாலிஎதிலீன், அதாவது நாம் தினமும் பார்க்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை எடுத்து, ‘வெள்ளை ஒளி’ என்று பெயர் வைத்து ஒரு பெரிய தொங்கல் செய்தார். அருவி விழுவதுபோல ஒளியைக் கீழே இறக்கும் படைப்பு அது. அதைத் துணி என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் நூலுக்குரிய வேலையைத்தான் அந்தப் பிளாஸ்டிக் அங்கே செய்கிறது.

அப்போது ஐரோப்பாவில் நெசவுக் கலையின் நிலைமை என்ன? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1962 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலக நெசவுக் கண்காட்சி நடந்துவந்தது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு ஓவியர் ஜான் லுர்சா. அவருடைய முறை நான் முதலில் சொன்ன இரண்டாவது வகை: ஓவியர் முழு அளவில் மாதிரி வரைவார், பிரான்சின் ஓபுசோன் நகரத்து நெசவாளர்கள் அதை நெய்து கொடுப்பார்கள். ஆனால் முதல் கண்காட்சியிலேயே போலந்தின் மக்தலேனா அபகனோவிச் போன்றவர்கள் மாதிரிப் படம் இல்லாமல் தாங்களே நெய்த படைப்புகளோடு வந்து நின்றார்கள். ஓல்கா 1967இல் அங்கே பங்கேற்றார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் லோசானில் நகல் நெசவு பின்னுக்குப் போய், நூலையே நேரடியாகக் கையாளும் கலைஞர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். இதற்கு ஆங்கில உலகில் ஃபைபர் ஆர்ட் என்று பெயர் நிலைத்தது. நமக்கு நார்க்கலை, இழைக்கலை என்று எப்படி வைத்துக்கொண்டாலும் சரி.

1969இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘சுவர்த் தொங்கல்கள்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தியது. மில்ட்ரெட் கான்ஸ்டன்டினும் லார்சனும் சேர்ந்து தொகுத்தார்கள். ஆனி ஆல்பர்ஸ், ஷீலா ஹிக்ஸ், லெனோர் டாவ்னி, அபகனோவிச் ஆகியோரோடு ஓல்காவும் இருந்தார். நவீனக் கலையின் முக்கியமான இடத்தில் நெசவுக்கு ஒரு கூடம் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் முக்கியக் கலை இதழ்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கைவினை இதழில் விமரிசனம் எழுதிய சிற்பி லூயிஸ் புர்ஷ்வா, இவை அலங்காரம் என்ற நிலையிலிருந்து பெரும்பாலும் விடுபடவில்லை என்ற கருத்தைச் சொன்னார். அவரும் துணி பழுதுபார்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். முதுமையில் தன் சிற்பங்களுக்குத் துணியையே எடுத்தவர். ஆகவே இது வெளியாளின் அலட்சியம் அல்ல. நூலைத் தொட்டால் அது கலையா, கைவேலையா என்ற கேள்வி அந்தக் காலத்தில் எல்லார் மனதிலும் அவ்வளவு ஆழமாக இருந்தது. நெசவு பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, ஓல்கா அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னார்? அளவால் சொன்னார். 1970களில் ‘நெய்த சுவர்கள்’ என்று ஒரு வரிசையே செய்தார். அதன் உச்சம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மன் கட்டிய ஒரு பெரிய ஹோட்டலின் முகப்புக் கூடத்துக்காக 1976இல் அவர் செய்த ‘பெருஞ்சுவர்’. ஆறு மாடி உயரம். கம்பளியும் குதிரை முடியும். இப்படியொன்றின் முன்னால் நிற்பவருக்கு இதை எங்கே மாட்டுவது என்ற கேள்வியே எழாது. கட்டடத்தின் உடம்பாகவே ஆகிவிட்ட துணி அது. இதற்கிடையில், 1971இல் கொலம்பியாவின் தேசியக் கலைஞர் கண்காட்சியில் முதல் பரிசும், 1973இல் அமெரிக்காவின் குக்கன்ஹைம் நல்கையும் அவருக்குக் கிடைத்தன.

இனி தங்கம். ஓல்கா டி அமரால் என்ற பெயரைக் கேட்டவர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது தங்கத் துணிகள்தான். கொலம்பியா என்றாலே எல் டொராடோ என்ற பொன் நாட்டுக் கதை. பொகோட்டாவுக்கு அருகில் இருக்கும் குவாட்டவிட்டா ஏரியில் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்கள் பொன்னைக் காணிக்கையாக இட்ட வரலாறு. பொகோட்டாவில் உலகப் புகழ்பெற்ற தங்க அருங்காட்சியகம். ஸ்பானியர் ஆட்சிக்காலத் தேவாலயங்களில் தகதகக்கும் பலிபீடங்கள். ஆகவே தங்கம் அவருக்கு ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பொறி விழுந்த இடம் லண்டன். 1970இல், வியன்னாவிலிருந்து தப்பி வந்து லண்டனில் வாழ்ந்த மட்பாண்டக் கலைஞர் லூசி ரீயின் பட்டறைக்குப் போனபோது, உடைந்து ஒட்டிய ஒரு பாண்டத்தைப் பார்த்தார். விரிசல் ஓடிய கோடெங்கும் தங்கம். ஜப்பானியர்கள் கின்ட்சுகி என்று அழைக்கும் ஒட்டுமுறை. அதைப் பார்த்த பிறகுதான் தங்கத்தைத் தன் நூலுக்குள் கொண்டுவரலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1970களின் நடுவில் சிறிய துண்டுகளில் பரிசோதித்துவிட்டு, 1980களில் ‘ரசவாதம்’ என்ற வரிசையைத் தொடங்கினார்.

அந்த வரிசைப் படைப்புகளை உண்டாக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அங்கே கண்ணெதிரே நடக்கிறது. முதலில் பருத்தியாலோ லினனாலோ நெய்த துணியைச் சின்னச் சின்ன செவ்வகத் துண்டுகளாகத் தயாரிப்பார்கள். அவற்றில் ஜெஸ்ஸோ பூசுவார்கள். மெல்லிய அரிசித் தாளும் சேரும். நூல் விறைத்துத் தகடுபோல் ஆகும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம், அதற்கும் மேல் தங்க ரேக்கு. பிறகு இந்தத் துண்டுகளை வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி, அடித்துணியில் தைத்துச் சேர்ப்பார்கள். முடிந்ததும் மீன் செதில்போலவோ கூரை ஓடுபோலவோ ஒரு பரப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டும் சிறிது தூக்கிக்கொண்டு நிற்பதால், நாம் ஓரடி நகர்ந்தாலும் தங்கம் ஓரிடத்தில் அணைந்து இன்னோரிடத்தில் எரியும். செதில்களின் அடியிலிருந்து நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். பொகோட்டா பட்டறையில் உதவியாளர்கள் குழுவோடு மாதக்கணக்கில் செய்கிற வேலை இது.

கவனித்தீர்களா? கித்தான் ஓவியத்தில் வருகிற அதே அடுக்குகள்தான்: துணி, ஜெஸ்ஸோ, வண்ணம், தங்கம். அங்கே அவை ஒரே பெரிய பரப்பின்மேல் ஒரு முறை நடக்கின்றன. இங்கே நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளில் தனித்தனியாக நடந்து, பிறகு அந்தத் துண்டுகள் நூல்களைப் போலக் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி ஓவியம். எல்லாம் சேர்ந்து ஒரு துணி.

இது ஆண்டிஸ் பகுதிக்கு முற்றிலும் புதியதும் அல்ல. பெருவின் தென்கடற்கரையில் கார்வா என்ற இடத்தில், 2000 ஆண்டுகளுக்கும் முந்தைய, தெய்வ உருவங்கள் தீட்டிய பருத்தித் துணிகள் கிடைத்தன. பெருவின் பிற்காலத்துச் சான்காய் மக்களும் துணியில் தீட்டினார்கள். பொகோட்டாவைச் சுற்றி வாழ்ந்த முயிஸ்கா மக்கள் கோடுகளும் வடிவங்களும் தீட்டிய பருத்திப் போர்வைகளைச் செய்தார்கள். இன்காக்கள் காலத்தில் நுண்ணிய நெசவுத் துணிக்குப் பொன்னைவிட மதிப்பு இருந்தது; பரிசும் வரியும் காணிக்கையும் துணியாகவே நடந்தன. துணி தாழ்ந்தது, ஓவியம் உயர்ந்தது என்ற பாகுபாடு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியது. ஓல்கா பழைய வடிவங்களை அப்படியே எடுத்து நெய்யவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. துணிக்கு அந்த மண்ணில் இருந்த கௌரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

1986இல், இத்தாலியின் வெனிஸ் நகரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகக் கலைவிழாவில் கொலம்பியா சார்பில் பங்கேற்றார். 1996இலிருந்து ‘நடுகற்கள்’ என்று சொல்லத்தக்க ஒரு வரிசை. ஜெஸ்ஸோவால் விறைப்பாக்கி, தங்கம் போர்த்திய நெடும் துணிகள், கூட்டமாகக் கூரையிலிருந்து தொங்கும். நடுவில் நடந்து போகலாம். முன்பக்கம் பொன், பின்பக்கம் வேறு நிறம். பார்ப்பதற்குப் பழங்காலத்து ஈமக் கற்கள், தொட்டால் நூல்.

என் விருப்பம் அதற்கும் பின்னால் வந்த ‘மூடுபனிகள்’ வரிசை. 2013இல், எண்பதைக் கடந்த பிறகு தொடங்கியது. இதில் ஊடையே கிடையாது. ஆயிரக்கணக்கான நூல்கள் மேலிருந்து கீழே நேராகத் தொங்குகின்றன. கீழே தறியும் இல்லை, சட்டமும் இல்லை. அந்த நூல்களுக்கு ஜெஸ்ஸோ பூசி, ஒவ்வொன்றிலும் வண்ணம் தீட்டியிருக்கிறார். ஒரு கோணத்தில் நின்றால் காற்றில் ஒரு முக்கோணமோ வட்டமோ தெளிவாக மிதக்கும். சற்று விலகினால் அது கலைந்து வெறும் மழைக்கோடுகளாகிவிடும். நெசவில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள பாவு நூலில் மட்டும் ஓவியம். தங்கப் படைப்புகளின் பகட்டு சிலரைத் தள்ளி வைக்கலாம். அவர்கள் இந்த வரிசையிலிருந்து தொடங்கினால் நல்லது.

உலகம் அவரைச் சரியாகக் கவனிக்க நெடுநாள் ஆயிற்று. 2021இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ‘ஒரு பாறையை நெய்வது’ என்ற பெயரில் பெரிய கண்காட்சி நடத்தியது. அது பிறகு அவர் படித்த கிரான்புரூக்குக்கும் போனது. 2024 அக்டோபரில் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளைக் காட்சியகம், ஐரோப்பாவில் அவருக்கான முதல் பெரிய பின்னோக்குக் கண்காட்சியை, அதாவது வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டும் கண்காட்சியை, திறந்தது. அப்போது அவருக்கு வயது 92. லெபனானில் பிறந்த கட்டடக் கலைஞர் லினா கோத்மே, தரையில் ஸ்லேட் கற்களைப் பரப்பி அவற்றினிடையே துணிகளைத் தொங்கவிட்டு, ஒரு மலைச்சரிவில் நடப்பதுபோல அமைத்தார். 2025இல் கண்காட்சி அமெரிக்காவின் மியாமி நகருக்கு நகர்ந்தது.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் இணையத்தில் தேடலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டனின் டேட், சிகாகோ கலை நிறுவனம் ஆகியவற்றின் சேகரிப்பில் அவருடைய படைப்புகள் இருக்கின்றன. தேடும்போது நேர் எதிரே நின்று எடுத்த ஒற்றைப் படத்தோடு நின்றுவிட வேண்டாம். அதில் எல்லாமே தட்டையான தங்கச் சதுரமாகத் தெரியும். பக்கவாட்டில் எடுத்த படங்களையும், மிக அருகில் எடுத்தவற்றையும், முடிந்தால் யாராவது நடந்துகொண்டே எடுத்த காணொளியையும் பாருங்கள். பின்பக்கத்தைக் காட்டும் படம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். துண்டுகள் எப்படித் தைக்கப்பட்டிருக்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.